இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு: மலைப் பள்ளியில் எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஜூன் முதல் வாரத்தில் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகளில் எடுக்கப்படும் முடிவுகளில் பெரியது, யார் எந்த வகுப்பை எடுப்பது என்பதுதான். பல இடங்களில் அது மேசையருகே நின்றபடியே முடிந்துவிடும். "போன வருஷம் மாதிரியே இருக்கட்டும் சார்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் தலையசைப்பார். பள்ளியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அடுத்த ஏப்ரலில் எப்படி வாசிப்பார்கள் என்பதை அந்தத் தலையசைப்பு பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. அதனால் இரண்டு பேரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்த நிலை தற்காலிகமானதும் அல்ல. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, கொட்டச்சேடு என்று காபித் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் ஊர்களில் ஒரு பள்ளிக்கு 60க்கு மேல் பிள்ளைகள் சேர்வது கடினம். மூன்றாவது ஆசிரியர் வருவார் என்று காத்திருப்பதைவிட, இரண்டு பேரை வைத்து ஐந்து வகுப்பை ஒழுங்காக நடத்தும் வழியைத் தேர்ந்துகொள்வதே நடைமுறை.

எந்த ஏற்பாட்டையும் எடைபோடுவதற்கு ஒரு கேள்வியை முதலில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பேரில் ஒருவர் வராத நாளில் அந்த ஏற்பாடு நிற்குமா, சரியுமா? சி.ஆர்.சி. எனும் குறுவள மையப் பயிற்சி, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம், வாக்காளர் பட்டியல் வேலை, விடுப்பு என்று ஒருவர் இல்லாத நாட்கள் மாதந்தோறும் வரும். மழைக்காலத்தில் மலைப்பாதையும் சேர்ந்துகொள்ளும். சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருபவர், அங்கே மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டும். அதற்குள் முதல் இரண்டு பாடவேளை போய்விடும். இரண்டு பேரும் இருக்கும் நாளை மட்டும் மனதில் வைத்துப் போட்ட கால அட்டவணை, ஜூலை முடிவதற்குள் சுவரில் ஒட்டிய தாளாக மட்டும் மிஞ்சும்.

கணக்குக்கு ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். 1ஆம் வகுப்பில் 7 பேர், 2இல் 9, 3இல் 8, 4இல் 10, 5இல் 6. மொத்தம் 40. நாளுக்கு 8 பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஆக ஓர் ஆசிரியரிடம் இருப்பது 320 நிமிடம். இதை நான்கு விதமாகப் பங்கிடலாம்.

1 முதல் 3 வரை ஒருவர், 4–5 இன்னொருவர்

பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022–23இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கு விரிந்தது. ஆசிரியர் கையேடு, பயிற்சி நூல், பயிற்சி வகுப்பு எல்லாமே இந்தப் பிரிப்பை ஒட்டியே வருகின்றன. மூன்று வகுப்பும் ஒன்றாக அமர்ந்து பாட்டு, கதை, உரையாடல் என்று தொடங்கி, பிறகு அரும்பு (எழுத்து கற்கும் நிலை), மொட்டு (இடை நிலை), மலர் (தாமாகப் படிக்கும் நிலை) என்று நிலைவாரியாகப் பிரிந்து வேலை செய்வது அதன் அமைப்பு. கையேட்டைப் பின்பற்றினாலே பாதி திட்டமிடல் முடிந்துவிடும்.

சிக்கல் 3ஆம் வகுப்பில் வரும். ஜூன், ஜூலையில் 1ஆம் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சில் பிடிப்பது முதல் கழிவறைக்குப் போய் வருவது வரை எல்லாவற்றுக்கும் ஆசிரியர் வேண்டும். 320 நிமிடத்தை மூன்றாகப் பிரித்தால் வகுப்புக்கு 107 நிமிடம் வர வேண்டும். உண்மையில் 1ஆம் வகுப்பே பாதியை எடுத்துக்கொள்ளும். 3ஆம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள், கரும்பலகையைப் பார்த்து அமைதியாக எழுதுவார்கள். அமைதியாக இருப்பதாலேயே அவர்கள் பக்கம் யாரும் திரும்புவதில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து பொருள் புரிந்து படிப்பதற்கு மாற வேண்டிய வருடம் அது. அந்த வருடத்தைப் பார்த்து எழுதுவதில் கழித்த பிள்ளை, அழகான கையெழுத்தோடும் வாசிக்கத் தெரியாமலும் 4ஆம் வகுப்புக்குப் போகும். நோட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால்தான் தெரியும்.

4–5 எடுப்பவரின் பாரம் வேறு மாதிரி. வகுப்புக்கு 5 பாடம், ஆக 10. அறிவியலையும் சமூக அறிவியலையும் இரண்டு வகுப்புக்கும் சேர்த்து, ஓராண்டு 4ஆம் வகுப்பு நூல், அடுத்த ஆண்டு 5ஆம் வகுப்பு நூல் என்று சுழற்சியில் நடத்தலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பருவத் தேர்வு வகுப்புவாரியாக நடப்பதால் அது முதல் பருவத்திலேயே முட்டிக்கொள்ளும். இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்து, தண்ணீர், தாவரம், உணவு, நம் ஊர் என்று பொருள் ஒட்டி வரும் பாடங்களை இணைத்துக்கொள்வது மேல். 15 நிமிடம் இரண்டு வகுப்புக்கும் பொதுவாகப் பேசி, பிறகு 4ஆம் வகுப்புக்கு வரைந்து பெயரெழுதும் வேலையும் 5ஆம் வகுப்புக்குப் பத்தி எழுதும் வேலையும் கொடுக்கலாம். எல்லாப் பாடமும் இணையாது. இணையாதவற்றைத் தனியாக நடத்தத்தான் வேண்டும்.

ஒருவர் வராத நாளில் இந்த ஏற்பாடு ஓரளவு தாங்கும். 1–3 ஆசிரியர் வராவிட்டால் பொதுப் பாட்டு, கதையை மற்றவர் நடத்திவிடலாம். 4–5 ஆசிரியர் வராவிட்டால் பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே எழுதி வைத்த வேலை இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்று அவர்கள் சின்னப் பிள்ளைகளை மேய்ப்பவர்களாகிவிடுவார்கள்.

1–2 ஒருவர், 3 முதல் 5 வரை இன்னொருவர்

ஒரே ஒரு நிலையில் இது முதலாவதைவிடச் சிறந்தது. 1ஆம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம், அவர்களில் பலர் அங்கன்வாடியைப் பார்க்காமல் நேராகப் பள்ளிக்கு வந்தவர்கள் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். அங்கன்வாடிக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடையோ எஸ்டேட் சரிவோ இருக்கும் ஊர்களில் இப்படி நடக்கிறது. வரிசையில் நிற்பது, தன் பெயர் சொன்னதும் எழுவது, வண்ணம் பிரிப்பது எல்லாமே புதிதாக இருக்கும் பிள்ளைக்கு முதல் 12 வாரம் ஒரே ஆசிரியரின் நெருக்கம் தேவை.

விலை கொடுப்பவர் 3–5 ஆசிரியர். 24 பிள்ளைகள், மூன்று வகுப்பு, வகுப்புக்கு 107 நிமிடம். 1–3க்கும் 4–5க்கும் பயிற்சி தனித்தனியே நடந்தால் இரண்டுக்கும் இவரே போக வேண்டியிருக்கும். வராத நாட்கள் கூடும். அவர் வராத நாளில் மற்றவர் கையில் 1ஆம் வகுப்புப் பிள்ளைகளோடு 24 பெரிய பிள்ளைகளும் சேர்வார்கள். ஆண்டு முழுக்க இதைச் சுமக்க முடியாது. முதல் பருவம், அதாவது செப்டம்பர் வரை இப்படி நடத்தி, அக்டோபரில் 3ஆம் வகுப்பை 1–2 ஆசிரியரிடம் மாற்றிவிடலாம். நடு ஆண்டில் மாற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். பெற்றோருக்கு மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பாடவாரியாகப் பிரிப்பது

ஒருவர் தமிழும் சமூக அறிவியலும், மற்றவர் கணக்கும் ஆங்கிலமும் அறிவியலும். தயாரிப்பு பாதியாகும், விருப்பமான பாடத்தை நன்றாக நடத்தலாம் என்பது வாதம். உயர்நிலைப் பள்ளிக்குப் பொருந்துவது தொடக்கப் பள்ளிக்குப் பொருந்தாது. மதியம் வரை ஒரு குழு, பிறகு மற்றொரு குழு என்று மாறினாலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாயைச் சுருட்டி, நோட்டை எடுத்து, உட்கார்ந்து முடிக்க 10 நிமிடம் போகும். நாளுக்கு நான்கு மாற்றம் என்றால் ஒரு பாடவேளை முழுசாகப் போயிற்று.

பெரிய குறை இன்னொன்று. வாசிக்கத் தெரியாத பிள்ளை கணக்கு ஆசிரியரிடம் "கணக்கில் மந்தம்" என்று பெயர் வாங்கும். வாக்கியக் கணக்கைப் படிக்க முடியாமல்தான் விட்டது என்பதை, காலையில் தமிழ் எடுத்தவர் மட்டுமே அறிந்திருப்பார். அவர் அப்போது அடுத்த அறையில் இருப்பார். ஒரு பிள்ளையின் முழு நாளையும் பார்த்தவர் என்று யாரும் இல்லாமல் போவது சின்ன வகுப்புகளில் பெரிய இழப்பு. ஒருவர் வராத நாளில் பள்ளி முழுக்க அவர் பாடம் நின்றுபோகும். அந்தக் கேள்வியில் இந்த ஏற்பாடு முற்றிலும் தோற்கிறது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒருவருக்கு ஆங்கிலமோ கணக்கோ உண்மையிலேயே வசப்படவில்லை என்றால், வாரத்துக்கு இரண்டே பாடவேளை 4–5 வகுப்பை மற்றவருக்குக் கொடுக்கலாம். அந்நேரத்தில் இவர் 1–3 பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் விளையாட்டும் நடத்தலாம்.

நிலைவாரி மணி நேரம்

நான்காவது வழி மற்ற மூன்றுக்கும் மாற்று அல்ல, அவற்றின் மேல் வைக்கக்கூடியது. நாளின் ஒரு மணி நேரம் மட்டும் வகுப்பு எண்ணை மறந்துவிட்டு, பிள்ளைகளை வாசிப்பு நிலைப்படி உட்கார வைப்பது. எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் இந்த எண்ணத்தையே வகுப்புக்குள் செய்கிறது. இங்கே 2 முதல் 5 வரை எல்லா வகுப்பையும் கலக்கிறோம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாட்டின் பல மாநிலங்களில் இதை நடத்தியிருக்கிறது, முறையான ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஹரியானா அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்துக்குள் தனியாக ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கிப் பிள்ளைகளை நிலைவாரியாக உட்கார வைத்தபோது மொழியில் முன்னேற்றம் தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை. இந்த இரண்டு பாதியையும் மனதில் வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

முதல் வேலை, நிலை அறிவது. எழுத்துத் தேர்வு இதற்கு உதவாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு தாளில் 10 எழுத்து, 10 எளிய சொல், நான்கு வரிப் பத்தி, எட்டு முதல் பத்து வரிக் கதை ஆகிய நான்கும் இருந்தால் போதும். பத்தியிலிருந்து தொடங்குங்கள். தடுமாறினால் சொல்லுக்கும் அதன் பின் எழுத்துக்கும் இறங்குங்கள், சரளமாகப் படித்தால் கதைக்கு ஏறுங்கள். பிள்ளைக்கு 4 நிமிடம். 33 பேருக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடியும். இரண்டு ஆசிரியரும் நாளுக்கு அரை மணி ஒதுக்கினால் மூன்று நாள் வேலை. மூன்று மாதிரித் தாள் வைத்திருங்கள். ஒன்றே இருந்தால் பத்தாவது பிள்ளை கேட்டு மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும். படிக்கும் இடம் மற்றவர்கள் காதில் விழாத மூலையாக இருக்கட்டும்.

பிறகு குழு. நிலை மூன்று, ஆசிரியர் இரண்டு. இங்கேதான் பல பள்ளிகள் தடுமாறும். அரும்பு நிலைக் குழுவை ஓர் ஆசிரியர் தனியாக எடுக்க வேண்டும். 12 பேருக்கு மேல் போகக் கூடாது. மொட்டும் மலரும் மற்றவரிடம். மலர் நிலைப் பிள்ளைகள் தாமாகவே படிக்கக் கூடியவர்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைப்படுத்தியே வந்திருக்கின்றன. 4, 5ஆம் வகுப்புகளுக்கு ஊஞ்சல் என்ற சிறார் இதழும் வருகிறது. அவற்றில் ஒன்றைப் படித்து ஐந்து வரி எழுதுவது, தானே மூன்று கேள்வி உருவாக்கி அடுத்தவரிடம் கேட்பது அவர்கள் வேலை. ஆசிரியர் 35–40 நிமிடம் மொட்டோடு இருந்துவிட்டு, கடைசி 15 நிமிடம் மலரிடம் வரலாம்.

1ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பில் கலக்கவே கூடாது. எழுத்து தெரியாதது அவர்களுக்குப் பின்தங்கல் அல்ல, அது அவர்கள் வயது. 5ஆம் வகுப்புப் பிள்ளையை அவர்கள் பக்கத்தில் உட்கார வைத்தால் மறுநாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது. அரும்பு ஆசிரியரின் அறையிலேயே தனிப் பாயில், மணல் தட்டு, புளியங்கொட்டை, படம் ஒட்டும் தாள் என்று கைவேலை கொடுத்து, 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் அவர்கள் பக்கம் வந்து போக வேண்டும். 12 வயதை நெருங்கிய பிள்ளை அரும்பில் இருந்தால், அதற்கு எழுத்து கற்பிக்கும் சொற்களும் அந்த வயதுக்கானவையாக இருக்கட்டும். அணிலும் ஆடும் வேண்டாம். பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயர், மிளகு மூட்டை, காபிக் களம் என்று அது பார்க்கும் உலகத்தில் இருந்தே சொல் எடுக்கலாம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். முதல் 10 நிமிடம் பேச்சு. ஒரு படம், நேற்றைய மழை, சந்தை, எதுவானாலும் சரி. பிள்ளை தன் வீட்டுப் பேச்சிலேயே பேசட்டும், அங்கே திருத்த வேண்டாம். அடுத்த 15 நிமிடம் எழுத்து வரிசை அட்டை. 20 நிமிடம் இருவர் இருவராக விரல் வைத்து வாசிப்பு. 10 நிமிடம் எழுதுதல். கடைசி 5 நிமிடம் யார் எதில் நின்றார் என்று ஆசிரியர் குறித்துக்கொள்ள.

அரும்பில் நேரம் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால். 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்தால் பிள்ளை ராகத்தை மனப்பாடம் செய்யும், எழுத்தை அறியாது. ப, ட, ம, க, ர என்று ஐந்தாறு எழுத்தோடு தொடங்கி, முதல் வாரத்திலேயே படம், மரம், பட்டம், பக்கம் என்று சொல்லைக் கையில் கொடுங்கள். பிறகு ஆகாரம் சேர்த்தால் பாடம், காகம், மாமரம் வரும். அடுத்து இகரம், ஈகாரம். உகரமும் ஊகாரமும் கடைசிப் பக்கம் போகட்டும். கு, டு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், அதுவரை தயங்காமல் வந்த பிள்ளையும் அங்கே நின்றுவிடும். அதற்கு இரண்டு வாரம் தனியாக வேண்டும். கொ, கோ போன்றவற்றில் இன்னொரு தடை. இருபுறமும் குறி வருவதால் பிள்ளை முன்னால் உள்ள கொம்பை மட்டும் பார்த்து "கெ" என்று படித்துவிட்டு, காலை அடுத்த எழுத்தோடு ஒட்டப் பார்க்கும். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டிக் கொடுத்து, பிள்ளையே அடுக்கி ஒரே ஒலியாகச் சொல்லப் பழக்கினால் சில நாளில் தெளியும். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண வேறுபாட்டுக்கு அரும்பில் மல்லுக்கட்ட வேண்டாம். அது மொட்டுக்கும் மலருக்கும் உரிய எழுத்துப்பிழை வேலை.

குழு மாற்றம் வாரந்தோறும் நடக்க வேண்டும். இதுவரை பார்க்காத நான்கு வரிப் பத்தியை மூன்று தடுமாற்றத்துக்குள் படித்தால் அந்த வாரமே மேலே அனுப்புங்கள். பருவத் தேர்வு வரை காத்திருந்தால் அரும்பு என்பது பிள்ளைக்குப் பட்டப் பெயராகிவிடும். இந்த முறை கெட்டுப்போகும் பள்ளிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வாரம் ஐந்து நாள் என்று எழுதி மூன்று நாள் நடத்துவதைவிட, நான்கு நாள் என்று எழுதி நான்கும் நடத்துங்கள். வெள்ளிக்கிழமையை விட்டுவிடலாம். அன்று வேறு வேலைகள் வந்து சேரும். நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, தமிழ்ப் பாடவேளையோடு அரைப் பாடவேளையைச் சேர்த்தால் 60 நிமிடம் கிடைத்துவிடும் என்பதே பதில். கணக்கை இதே மணிக்குள் திணிக்க வேண்டாம். ஹரியானா அனுபவம் எச்சரிப்பது அதைத்தான். செப்டம்பர் வரை வாசிப்பு மட்டும். அக்டோபரிலிருந்து வாசிப்பு 40 நிமிடம், கணக்குக்குத் தனியே 40 நிமிடம், கணக்குக்குத் தனி நிலைப் பட்டியல். வாசிப்பில் மலராக இருக்கும் பிள்ளை கடன் வாங்கிக் கழித்தலில் அரும்பாக இருப்பது சாதாரணம்.

மலையில் இந்த மணியை முதல் பாடவேளையில் வைக்கக் கூடாது. மூடுபனியும் பஸ்ஸும் அதைத் தின்றுவிடும். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள், தாமதமாவது பெரும்பாலும் கீழே இருந்து ஏறி வரும் ஆசிரியர்தான். முற்பகல் இடைவேளை முடிந்ததும் வைத்தால் இரண்டு பேரும் இருப்பார்கள், பிள்ளைகளும் சோர்ந்திருக்க மாட்டார்கள். தகரக் கூரைப் பள்ளியில் கனமழை பிடித்தால் குரல் எடுபடாது. அன்று எழுதுவதை முன்னால் தள்ளி, வாசிப்பைப் பின்னுக்கு வைத்துக்கொள்ளலாம். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் பிள்ளைகள் அங்கேயே தங்குவதால் மாலையில் இன்னொரு மணி நேரம் கிடைக்கும். அதைப் புதிய எழுத்து கற்பிக்கப் பயன்படுத்தாமல், பகலில் படித்ததை இருவர் இருவராக மறுபடி வாசிக்க விடலாம்.

எதைத் தேர்வது?

30 முதல் 60 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு எங்கள் பரிந்துரை, முதல் ஏற்பாடும் நான்காவதும் சேர்ந்தது. நாள் முழுக்க 1–3, 4–5 என்று இருக்கட்டும். வாரம் நான்கு நாள் நிலைவாரி மணி. 3ஆம் வகுப்பின் குறையை அந்த மணி நேரமே பெருமளவு சரிசெய்யும், அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அங்கே வாய்திறந்தே ஆக வேண்டும். 1ஆம் வகுப்பில் 12 பேருக்கு மேல் இருந்தாலோ, அங்கன்வாடி காணாத பிள்ளைகள் பாதிக்கு மேல் இருந்தாலோ, செப்டம்பர் வரை இரண்டாவது ஏற்பாட்டில் இருந்துவிட்டு அக்டோபரில் மாறுங்கள். மொத்தமே 20க்குள் என்றால் வகுப்பு வாரியாகப் பிரிப்பதிலேயே பொருள் இல்லை. ஒரே பெரிய அறையில் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் தடுமாறும் பிள்ளை பக்கத்தில் உட்காரலாம்.

தலைமையாசிரியர் 1–3ஐ எடுக்க வேண்டாம் என்பது இதில் சேர்க்க வேண்டிய ஒன்று. கூட்டம், எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளப் பதிவு, மேலாண்மைக் குழு என்று அதிகம் வெளியே போவதும் வகுப்பு நடுவில் போன் எடுப்பதும் அவர்தான். 1ஆம் வகுப்புக்கு ஆசிரியரின் முகம் தினமும் மாறாமல் இருக்க வேண்டும். 4–5 பிள்ளைகள் அவர் இல்லாத ஒரு மணி நேரத்தைத் தாங்கிக்கொள்வார்கள். மேலாண்மைக் குழு மூலம் ஊரில் படித்த இளைஞர் ஒருவர் உதவிக்குக் கிடைத்தால் 1ஆம் வகுப்பின் கைவேலையையும் மலர் குழுவின் மேற்பார்வையையும் கொடுங்கள். அரும்புக் குழுவை மட்டும் அவரிடம் விடாதீர்கள். பள்ளியிலேயே கடினமான வேலை அது, பயிற்சி பெற்ற கைக்கு உரியது.

ஒற்றை ஆசிரியர் நாளுக்கான பெட்டி

எந்த ஏற்பாட்டை எடுத்தாலும் இந்தப் பெட்டி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி, அதில் நான்கு உறை. முதல் உறையில் 1–2க்கு: சொல்–பட இணை அட்டை 30, எண் அட்டை 1 முதல் 20 வரை இரண்டு செட், புளியங்கொட்டைப் பை. இரண்டாவதில் 3ஆம் வகுப்புக்கு: சிறு கதைத் தாள் 8, ஒவ்வொன்றின் பின்னும் மூன்று கேள்வி. மூன்றாவதில் 4க்கும் நான்காவதில் 5க்கும்: வாசிப்புப் பத்தியும் ஐந்து கேள்வியும், 10 கணக்கு, பின்பக்கம் விடை. விடை இருந்தால்தான் பிள்ளைகள் தாமே சரிபார்த்துக்கொள்ள முடியும். ஒற்றை ஆசிரியர் ஒரே நாளில் நாற்பது நோட்டைத் திருத்த முடியாது. நடந்து முடிந்த பாடத்திலிருந்தே வேலை வையுங்கள். புதுப் பாடம் வைத்தால் பத்து நிமிடத்தில் எல்லோரும் எழுந்து ஆசிரியரைச் சூழ்ந்துகொள்வார்கள். பயன்படுத்தியதும் அந்த வாரமே நிரப்பிவிட வேண்டும்.

அன்று எல்லோரும் ஒரே அறையில், அல்லது திறந்த கதவுக்கு இருபுறமும் ஒருவர் பார்வையில் இருக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கரும்பலகை இருந்தால் சின்னவர்களும் பெரியவர்களும் முதுகோடு முதுகாக உட்காரலாம், கவனம் சிதறாது. கையடக்கக் கணினியில் பாடக் காணொளி காட்டுவதாக இருந்தால் சிக்னல் உள்ள இடத்தில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் பள்ளியில் அன்றைக்குத் தேடினால் கிடைக்காது. நிலைவாரி மணி அன்று நடக்க முடியாது, ஆனால் இருவர் இருவராக வாசிக்கும் 20 நிமிடம் மட்டும் நடக்கலாம். அதையாவது விடக் கூடாது.

மறு ஆய்வு நாட்களை ஜூனிலேயே குறித்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் ஒன்று. அடுத்ததைப் பலர் டிசம்பரில் வைப்பார்கள், மலையில் அது சரிவராது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோர் விடியுமுன் தோட்டத்துக்குப் போக, 4, 5ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்கள். வராத பிள்ளையின் நிலையை அளக்க முடியாது. நவம்பருக்கு முன்பே யார் யார் நிற்கக்கூடும் என்று பட்டியல் எடுத்து, தம்பி தங்கையை அங்கன்வாடியில் சேர்ப்பது பற்றி மேலாண்மைக் குழுவில் பேசிவிட்டு, ஆய்வை ஜனவரி நடுவில், பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியதும் வையுங்கள். பறிப்பில் போன நாட்களால் ஒரு நிலை கீழே இறங்கிய பிள்ளை இருந்தால் தயங்காமல் அந்தக் குழுவுக்கே மாற்றுங்கள். மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

ஏப்ரலில் கடைசியாக ஒருமுறை வாசிக்க வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே வரி எழுதுங்கள்: எந்த நிலை, எந்த எழுத்தில் அல்லது எந்தக் கணக்கில் நிற்கிறது. 1 முதல் 4 வரை உள்ளவர்களின் வரி அடுத்த ஜூனில் உங்கள் மேசையிலேயே இருக்கும். 5ஆம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளையின் வரி, மாற்றுச் சான்றிதழோடு சேர்ந்து 6ஆம் வகுப்பு எடுக்கப்போகும் ஆசிரியரின் கைக்குப் போக வேண்டும். அவரிடம் போனில் ஒருமுறை பேசிவிடுவது இன்னும் நல்லது.